ஈசூனில் ஆடிப்பட்டம் எப்போது வரும்?

உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரம், ஏழாவது மாடி, வடக்குப் பார்த்த தாழ்வாரம். நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், மகன் தொடக்கநிலை 2 (இரண்டாம் வகுப்பு). பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாமியார் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் வாங்கி வைத்த கறிவேப்பிலைச் செடி இரண்டு முறையும் டிசம்பர், ஜனவரியில் பட்டுப்போனது. சித்திரை பிறந்ததும் அத்தை ஆசையாகப் போட்ட மோர் மிளகாயும் வடாமும் பூசணம் பூத்தன, மாங்காய் ஊறுகாய் பொங்கி வழிந்தது. “தேக்கா சந்தையில் எல்லாம் கிடைக்குது, எதுக்கு இந்த வேலை” என்கிறார் கணவர். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். “இந்த ஊரு மண்ணே சரியில்லை” என்று அத்தை மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

மண்ணில் குறையில்லை. அத்தை கையில் இருக்கும் நாட்காட்டி தஞ்சாவூர் மாவட்டத்து நாட்காட்டி. ஆடியில் விதை, பங்குனி சித்திரையில் வற்றல் வடாம், மார்கழியில் மாவு புளிக்க நேரமாகும் என்று அங்கே ஐம்பது வருடம் பிசகாமல் வேலை செய்த கணக்கு அது. இங்கே அந்த மாதங்கள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் அம்மாவுக்கும் இதே பிரச்சினை இருந்தது. அப்பாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை, வீடு சாங் பாங் கிராமத்தில். கிராமத்தைக் காலி செய்தபோது எண்பதுகளில் ஈசூனுக்கு வந்தோம். அம்மா கிராமத்தில் கற்றதை மறுபடியும் மாடி வீட்டுக்காக மாற்றிக் கற்றார். நான் ஒரு பள்ளியின் அறிவியல் கூடத்தில் 28 வருடம் உதவியாளராக இருந்தவன், எதையும் தராசில் வைத்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஆக, கீழே வருவதில் பாதி அம்மா சொன்னது, பாதி தராசு சொன்னது.

முதலில் வெயில். செடி செத்ததற்கும் வடாம் கெட்டதற்கும் காரணம் வேறு வேறு, ஆனால் இரண்டுக்கும் வேர் வானத்தில் இருக்கிறது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைதான் வடக்கே. வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், வெப்பமும் பெரிதாக ஏறி இறங்காது. அதனால் பலரும் இங்கே பருவமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருக்கிறது. சூரியன் பங்குனி இரண்டாம் வாரத்திலிருந்து புரட்டாசி முதல் வாரம் வரை நம் தலைக்கு வடக்கே நடக்கும், மீதி ஆறு மாதம் தெற்கே நடக்கும். மேற்கு வெயில் வீட்டைச் சுடும் என்பதால் நம் அடுக்குமாடி புளோக்குகள் நிறைய வடக்கு தெற்காகப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஓரமாகவாவது நேர்வெயில் விழும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஒரு கீற்றுகூட விழாது. உங்கள் கறிவேப்பிலை இரண்டு தடவையும் அந்த மாதங்களில்தான் செத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. வெயில் இல்லை, காற்றில் ஈரம், செடி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டது. நீங்களோ ஜூனில் ஊற்றிய அளவையே டிசம்பரிலும் ஊற்றினீர்கள். வேர் அழுகிச் செத்திருக்கிறது. இலை மஞ்சளாகி உதிர்ந்ததைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றியிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், ஒரு தடவை அல்ல.

இதற்கு நான் செய்வது, தொட்டியை இடம் மாற்றுவது. பங்குனியில் தாழ்வாரம், புரட்டாசியில் வீட்டின் மறுபக்கம். உங்களுக்கு அடுக்களை ஜன்னல் தெற்கே இருக்கும். துணி காயப்போடும் அந்தப் பக்கத்தில், கம்பிக்கு உள்ளே, ஒரு முக்காலி போட்டு அதன் மேல் வையுங்கள். ஜன்னலுக்கு வெளியே எதையும் வைக்கக் கூடாது, ஏழாவது மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும். இடம் மாற்ற வசதி இல்லையென்றால், புரட்டாசிக்குப் பிறகு உரத்தை நிறுத்திவிட்டு, விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். செடி வளராது, ஆனால் பிழைத்துக் கிடக்கும். தை, மாசி தாண்டிவிட்டால் பங்குனியில் துளிர்க்கும். உங்கள் வீட்டு ஆடிப்பட்டம் அதுதான்!

தொட்டி ஒரு அடி அகலமாவது இருக்கட்டும். கடையில் வாங்கும் மண்ணை அப்படியே போடாதீர்கள், பெரும்பாலும் அது நார்த்தூள். மழைச்சாரலில் ஊறினால் பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் என்ற வெள்ளைக் கல்துகளோ பொடித்த செங்கல் சல்லியோ கலந்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கும். இலையை ஒவ்வொன்றாக உருவாமல் கிளை நுனியோடு கத்தரியுங்கள், வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வரும். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். விதை போட்டு வளர்க்க ஆசைப்பட்டால் பழம் கறுத்துப் பழுத்த உடனே சதையைக் கழுவிவிட்டுப் போட வேண்டும், உலர்த்தி வைத்த விதை முளைப்பது அரிது. இன்னொன்று, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அத்தை பாசத்தோடு வேர்க்கன்றை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார். வேண்டாம். வெளிநாட்டுச் செடிக்கு இங்கே அனுமதியும் நலச் சான்றிதழும் வேண்டும், விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள்.

புளித்த மோர் ஊற்றினால் கறிவேப்பிலை செழிக்கும் என்று அத்தை சொல்வார். எல்லா அத்தைகளும் சொல்வார்கள். தோட்டத்து மரத்துக்கு ஊற்றுவது வேறு, தாழ்வாரத்துத் தொட்டிக்கு ஊற்றுவது வேறு. நாற்றமும் எறும்பும் வரும், பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மனம் கேட்காவிட்டால் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து மாதம் ஒரு முறை, அவ்வளவுதான்.

இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்து பிறகு பச்சையாகும் புழு வரும். கறிவேப்பிலை, எலுமிச்சை, கலமன்சி என்கிற குட்டி எலுமிச்சை எல்லாம் ஒரே குடும்பம். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி அந்தக் குடும்பத்து இலையில்தான் முட்டை வைக்கும். மருந்து அடிக்காமல் கையால் எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டை மட்டும் ஒரு ஜாடியில் இலையோடு போட்டு, மேலே வலைத்துணி கட்டி மகனிடம் கொடுங்கள். ஐபேடைக் கீழே வைக்கச் செய்ய நான் கண்ட ஒரே வழி.

சரி, தாழ்வாரம். அது நம் வீட்டு வாசல் மாதிரி இருந்தாலும் நம்முடையது அல்ல. நடந்து போக 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தீ விபத்து என்றால் தூக்குப்படுக்கை போக வேண்டிய வழி அது. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. அடுத்தது தட்டு. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். முட்டையோ தண்ணீர் வற்றினாலும் சாகாமல் தட்டின் விளிம்பில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஒன்று விட்டு ஒரு நாள். எனக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் ஒரு வருடம் ஒரு வாரம் மலாக்கா போய்வந்த இடைவெளியில் துளசித் தொட்டித் தட்டில் புழு நெளிந்தது, ஆய்வுக்கு வந்தவர் கண்டுபிடித்தார், அபராதம் கட்டினேன். அன்றிலிருந்து என் தொட்டிகளுக்குத் தட்டே கிடையாது. இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் தொட்டி, ஊற்றுவதை அளந்து ஊற்றுவேன். அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றும் பழக்கம் அத்தைக்கு இருந்தால், அன்றைய தண்ணீர் அன்றைக்கே போகட்டும். வாளியில் மூடாமல் நின்றால் அதுவும் கொசுவுக்குத் தொட்டில்தான். காய்ந்து இறுகிய மண்ணின் மேல் தண்ணீர் தேங்கினாலும் அப்படியே, அடிக்கடி கிளறிவிடுங்கள்.

வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டீர்கள். வெயில் குறைந்த தாழ்வாரத்துக்கு வெற்றிலைக் கொடியைப் போல ஒன்று கிடையாது. நிழலிலும் இந்த ஈரக் காற்றிலும் தளதளவென்று வரும், அத்தைக்கும் மனசு குளிரும். பாண்டான், கற்பூரவள்ளி, புதினா, கொடிப்பசலை எல்லாம் கவலை இல்லாதவை. தண்டுக்கீரையை இங்கே பாயாம் என்பார்கள், ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை விதைத்தால் ஒரு மாதத்தில் பறிக்கலாம். தக்காளிக்கு ஆசைப்படாதீர்கள். ராத்திரியும் பெரும்பாலும் 24 பாகைக்குக் கீழே இறங்காத ஊரில் அது பூத்துப் பூத்து உதிர்க்கும். கொத்தமல்லியும் சூட்டில் சீக்கிரம் பூவுக்குப் போய்விடும். அத்தையின் கோபம் தணிய உடனே ஏதாவது பச்சையாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி வெந்தயம். இரண்டு வாரத்தில் கீரை.

இனி வற்றலுக்கு வருகிறேன். கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

வடாம் காய்வது சூட்டால் மட்டும் அல்ல, காற்று எவ்வளவு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதாலும். பட்டுக்கோட்டையில் சித்திரை வெயிலில் காலையில் பிழிந்த வடாம் சாயங்காலம் கலகலக்கும். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத நாளில் பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆக, காய்வதற்கு நமக்குக் கிடைப்பது பதினொன்றிலிருந்து மூன்று, நான்கு மணி வரைதான். சித்திரையில் பார்த்தால் அந்த நேரத்தில்தான் இடி மழை வருகிறது. ஏப்ரல், மே இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம், காலையில் சுள்ளென்று காயும், மூன்று மணிக்குக் கொட்டும். அத்தை சித்திரையை நம்பிப் பிழிந்தார், ஏமாந்தார். பாதி காய்ந்ததை ராத்திரி உள்ளே எடுத்து வைத்தால் அது காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இரண்டாவது ராத்திரியில் பூசணம்.

இந்த ஊரில் வற்றல் மாதம் மாசி. பிப்ரவரிதான் வருடத்தில் மழை மிகக் குறைந்த மாதம், காற்றும் வீசும். 2014இல் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை மழையே இல்லாமல் புல்தரையெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஊரே தண்ணீரை நினைத்துக் கவலைப்பட்டது, நான் இரண்டு கிலோ சுண்டைக்காய் காயவைத்தேன். சாங் பாங்கில் அம்மா வற்றலைத் தரையில் போடமாட்டார். தகரக் கூரையில் ஏணி வைத்து ஏறி, கோணியை விரித்து அதன் மேல் பரப்புவார். கீழே தகரம் சுடும், மேலே வெயில். இந்த ஊர்க் காற்றை ஏமாற்ற அவர் கண்ட வழி அது. காக்கை விரட்டும் வேலை எனக்கு.

மாடி வீட்டில் தகரக் கூரைக்குப் பதில் ஓவன். 60 பாகையில் வைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி ஒரு விரற்கடை திறந்திருக்கும்படி விடுங்கள். ஈரம் வெளியே போக வழி வேண்டும், மூடினால் வெந்துவிடும். வெட்டிய கத்தரி, பாகல், வெண்டை எல்லாம் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். அடிக்கடி போடுகிறவர்களுக்கு உணவு உலர்த்தும் சின்ன மின்பெட்டி மின்சாரச் செலவில் லாபம். ஏர் ஃபிரையரை நம்பாதீர்கள், அதன் விசிறி வற்றலைத் தூக்கி அடிக்கும். வடாத்துக்குக் கூழைக் கெட்டியாகக் கிளறி, மெல்லியதாக ஊற்றி, குளிர்சாதனத்தை உலர் நிலையில் வைத்த அறையில் மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி விடுங்கள். ராத்திரி எப்படியும் தூங்குவதற்குப் போடுகிற ஏர்கான்தானே, வடாமும் கூடவே தூங்கட்டும். காலையில் உரித்துத் திருப்பிப் போட்டு ஓவனில் இரண்டு மணி நேரம்.

மோர் மிளகாய்க்கு முதல் ராத்திரி மட்டும் வெளியே ஊறட்டும், புளிப்பு ஏற வேண்டும். பகலில் உலர்த்தி ராத்திரி திரும்ப மோரில் போடும் மற்ற நாட்களில் மோர்ப் பாத்திரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மூன்று சுற்று போதும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒடித்துப் பார்ப்பது முதல் சோதனை. எனக்கு அது போதாது. ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு மூடி ஒரு நாள் வைப்பேன். கண்ணாடியின் உள்ளே லேசாக மூச்சுவிட்டது போல் மங்கினாலும் திரும்ப ஓவனுக்குள் போகும். ஒரு முறை பூசணம் பூத்ததைத் துடைத்துவிட்டு வறுத்துக்கொள்ளலாம் என்று அத்தை சொன்னால் இந்த ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மிளகாயிலும் கடலையிலும் வரும் சில பூசணங்கள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைக் கெடுப்பது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. ஊரிலிருந்து வந்த மிளகாய் வற்றலுக்கும் இதே சட்டம். உள்ளே சாம்பல் படிந்திருந்தால் குப்பை.

ஊறுகாய் பொங்கியது உப்புக் குறைந்ததால். கைப்பக்குவம் போய்விட்டதோ என்று அத்தை கலங்கியிருப்பார். போகவில்லை. அவர் ஊரில் எடுப்பது கல்லுப்பு, இங்கே நீங்கள் கொடுத்தது என்ன உப்பு, எந்தக் கரண்டி, மாங்காய் எத்தனை கிலோ என்று பாருங்கள். தூள் உப்பும் கல்லுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருக்காது. தூள் உப்பு நெருங்கி உட்காரும், எடை கூடும். அதை அறிந்த பலர் பயந்துபோய்ப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் டாக்டர் சொன்னார் என்று உப்பைக் குறைக்கச் சொன்னீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இரத்த அழுத்தம் இருந்தால் ஊறுகாயைக் குறைத்துச் சாப்பிடுங்கள், ஊறுகாயில் உப்பைக் குறைக்காதீர்கள். நறுக்கிய மாங்காய் ஒரு கிலோவுக்கு 150இலிருந்து 180 கிராம் உப்பு. துடைத்த மாங்காய், உலர்ந்த கத்தி, வெந்நீரில் அலசி ஓவனில் உலர்த்திய ஜாடி, மேலே ஒரு விரல் நல்லெண்ணெய். ஈரக் கரண்டி போட்டால் வீட்டில் சண்டை வரும் என்பது இந்த ஊரிலும் மாறாத விதி.

மாங்காய் கிடைக்காத மாதத்தில் கலமன்சியைப் பாருங்கள், ஈரச்சந்தையில் மலிவு. தோல் மெல்லியது, விதை கசக்கும். நான்காகக் கீறி விதையை நெம்பி எடுத்துவிட்டு எலுமிச்சை ஊறுகாய் மாதிரியே போடலாம். சீன வீடுகளில் இதை முழுசாக உப்பில் போட்டு வருடக்கணக்கில் வைத்து, கறுத்ததும் தொண்டை வலிக்கு வெந்நீரில் கரைத்துக் குடிப்பார்கள். எங்கள் மாடியில் ஒரு பாட்டி எனக்கு ஒரு புட்டி கொடுத்தார், நான் அவருக்கு நார்த்தங்காய் கொடுத்தேன், யார் கொடுத்தது உயர்ந்தது என்று இன்னும் தீரவில்லை. சீனப் புத்தாண்டு முடிந்து பதினைந்து நாளில் கீழ்த்தளத்தில் நல்ல கலமன்சிச் செடிகள் தொட்டியோடு வீசப்பட்டுக் கிடக்கும், கேட்டுவிட்டு எடுத்து வரலாம். அலங்காரத்துக்கு வளர்த்தது, பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அதிலிருக்கும் காயைப் பறித்து எறிந்துவிட்டு அடுத்த காய்ப்பிலிருந்து சாப்பிடுங்கள்.

பூண்டு விஷயத்தில் மட்டும் பயமுறுத்தப் போகிறேன். பச்சைப் பூண்டை நறுக்கி வெறும் எண்ணெயில் போட்டு மேடையில் வைக்காதீர்கள். காற்றுப் படாத, புளிப்பில்லாத இடத்தில் பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரும். மணமும் மாறாது, நிறமும் மாறாது. முதலில் எலுமிச்சைச் சாற்றிலோ கெட்டிப் புளியிலோ நன்றாக ஊறி உள்ளே வரை புளிப்பு ஏறிய பிறகு எண்ணெய் சேர்ந்த பூண்டு ஊறுகாய்க்கு அந்தப் பயம் குறைவு, அதையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இஞ்சி பூண்டு விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

மாவு இங்கே ஆறேழு மணி நேரத்தில் புளித்துவிடும், ராத்திரி முழுக்க வெளியே வைக்காதீர்கள். அரிசியில் வண்டு வந்தால் நாலு நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்து ஜாடியில் போடுங்கள். இவை சின்ன விஷயம்.

பக்கத்து வீட்டார். எதற்கு முகம் சுளிக்கிறார் என்று கேட்டீர்களா? 2011இல் கறி வாசனைத் தகராறு ஒன்று செய்தியாகி, ஆகஸ்டு 21 அன்று ஊரே சேர்ந்து கறி சமைத்துக் காட்டியது நினைவிருக்கும். அதை வைத்துக்கொண்டு நமக்கு உரிமை இருக்கிறது என்று மிளகாயை வறுக்க வேண்டாம். கறி வாசனை வேறு, மிளகாய் நெடி வேறு. நெடி வந்தால் எனக்கே இருமல் வரும். அவர் வேலைக்குப் போன நேரத்தில் வறுக்கலாம், தாழ்வாரத்து ஜன்னலை மூடிவிட்டு வறுக்கலாம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லலாம். எங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி “அங்கிள், சில்லி ஃபிரை பண்ணப்போறேன்” என்று அம்மா தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்வார். அவரும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மாதம் கழித்து அவரே கறிவேப்பிலை கேட்டு வந்தார்.

உங்கள் கணவர் சொல்வது கணக்குப்படி சரி. தொட்டி, மண், உரம் என்று ஒரு செடிக்கு முப்பது வெள்ளி ஆகும், அந்தக் காசுக்குத் தேக்காவில் ஒரு வருடத்துக் கறிவேப்பிலை வாங்கலாம். மிச்சம் பிடிக்கத்தான் இது என்று நீங்கள் வாதாடினால் தோற்றுவிடுவீர்கள். அவரிடம் கேட்க வேண்டியது வேறு. காலை ஏழரைக்கு மூவரும் கிளம்பினால் சாயங்காலம் ஏழு மணி வரை அவருடைய அம்மா அந்த வீட்டில் என்ன செய்வார்? டிவி சீரியல் எத்தனை மணி நேரம் ஓடும்? ஊரில் அவர் ஒரு வீட்டையே நடத்தியவர், இங்கே ரிமோட்டைக்கூடப் பேரன்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்திலும் இந்த ஊர் அவரைத் தோற்கடித்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்திருப்பது மண்ணின் மேல் உள்ள கோபம் என்று நான் நினைக்கவில்லை.

அவரைப் பக்கத்துச் சமூகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டம், இப்போது அநேகமாக எல்லாப் பேட்டையிலும் ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் கை வைத்த தோட்டத்தை வேலிக்கு வெளியே நின்றே கண்டுபிடித்துவிடலாம், முருங்கை தலை நீட்டும். காலை எட்டு மணிக்குப் போனால் இரண்டு தமிழ்ப் பாட்டிகளாவது இருப்பார்கள். மலாய் மக்சிக்கும் சீன அங்கிளுக்கும் அத்தையோடு பேச மொழி வேண்டாம், கீரைக்கட்டு போதும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் அம்மாவிடம் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் “ஒரு கை” என்பார். பள்ளிக்கூடத் தராசு ஒன்று பழசானதால் விலைக்குக் கொடுத்தார்கள், வாங்கி வந்து அம்மாவின் கைக்குக் கீழே வைத்தேன். கிண்டலாகத்தான் வைத்தேன். முதல் கை 62 கிராம். இரண்டாவது 60. மூன்றாவது 63. அன்றைக்கு என் கிண்டல் ஓய்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் எதைப் போட்டாலும் அதற்கு முன் தராசு போகும், நோட்டில் எழுதுவேன். “ஒரு கை”, “ஒரு சிட்டிகை”, “கரண்டிக்குக் கொஞ்சம் குறைச்சு” எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கிராம் எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்தில் அவர் விரலில் இருந்த மஞ்சள் ஒட்டியிருக்கிறது.

உங்களுக்கு எழுதிவைக்க நேரம் இருக்காது என்று தெரியும். மகனிடம் கொடுங்கள். தொடக்கநிலை 2 என்றால் எண்ணும் தமிழும் எழுதத் தெரியும், சமையல் தராசு இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பத்தா அள்ளட்டும், அவன் எடை பார்த்து எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். தட்டுத் தண்ணீர் கொட்டித் தேய்க்கும் வேலையும் அவனுக்கே, நாட்காட்டியில் ஒன்று விட்டு ஒரு நாள் சுழித்துக்கொள்ளட்டும், அத்தை ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் தேவைப்படும். கறிவேப்பிலை இப்போதே வாங்கலாம், சூரியன் வடக்கேதான் இருக்கிறான், புரட்டாசி வரை நேரம் இருக்கிறது. வெந்தயத்தை இன்று ராத்திரியே ஊறப்போடச் சொல்லுங்கள்.